குளிருக்கு முன் சில கிழமைகள்: அம்மா அப்பாவோடு வாழும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கச்சிமாருக்கு,

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் அம்மா அப்பாவை உடன் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் வேலைக்கு ஓடி, பிள்ளைகளையும் வளர்க்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது என் தொழில். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றிவிடுவது, கைபிடித்து நடத்துவது, பக்கத்தில் இருந்து கதைப்பது என்று பகல் முழுக்க உங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்குள் இருப்பவள் நான். நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது என்பதை உங்களைவிட நான் கூடப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

குளிர் வந்தால் வயதானவர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். நான் பார்த்த அளவில் அந்தச் சோர்வு பனி கொட்டத் தொடங்கிய பிறகு வருவதில்லை. செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம், மறுநாள் பள்ளிக்கூடம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே அது தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் பேரப்பிள்ளைகளின் சத்தத்தோடு இருந்த வீடு. பசிக்குது அம்மம்மா, தண்ணி தாங்கோ அப்பப்பா, தம்பி அடிக்கிறான் என்று நாளுக்கு நூறு தரம் கூப்பிட்ட குரல்கள். ஒரே காலையில் எல்லாம் நின்றுவிடும். புதுப் புத்தகப்பையோடு பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பும் அவசரத்தில், வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதோடு வெளிச்சமும் போகத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ரொறன்ரோவில் அது ஆறரை மணித்தியாலம். ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மறைந்த சூரியன் செப்ரெம்பர் 22 அளவில் ஏழேகாலுக்கு மறைகிறது. அந்த நாட்களில் பகல் நாளுக்கு மூன்று நிமிடமளவில் குறைகிறது. கிழமைக்கு இருபது நிமிடம் போய்விடுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் பின்னேரம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் வேலையால் வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே ஒரு மணித்தியாலம் இருட்டில் தனியே இருந்திருப்பார்கள். அறுபது எழுபது வருடம் ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பழகிய உடம்பு இதற்கு இலகுவில் இணங்காது.

ஆகவே தொழிலாளர் தினத்துக்கும் மணிக்கூடு மாறும் ஞாயிற்றுக்கும் இடையில் இருக்கும் எட்டு ஒன்பது கிழமைகளை வீணாக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அவர்களுடைய குளிர்காலம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் இந்தக் கிழமைகளில்தான் தீர்மானமாகிறது.

முதலில் பின்வளவு. எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் நட்டு வளர்க்கும் தோட்டத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மே மாதக் கடைசியில் வீட்டுக்குள் முளைக்கவைத்த கன்றுகளை வெளியே இறக்கி, கம்பு நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, பாவலும் புடோலும் பயிற்றையும் ஏற்றி, கீழே வெண்டியும் கத்தரியும் மிளகாயும் வைத்து, ஓரத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் படரவிட்டு, நாலே மாதத்தில் ஒரு ஊரையே எழுப்பிவிடுகிறார்கள். அந்தத் தோட்டம்தான் அவர்களுக்கு வேலை, வருமானம் மாதிரி ஒரு பெருமை, அயலோடு பேச்சு எல்லாம். இரண்டு புடலங்காயைப் பையில் போட்டு அடுத்த வீட்டுச் சீனக்காரம்மாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர் தந்த கீரையை வாங்கி வரும் அம்மாவுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அந்தத் தோட்டத்தை நீங்கள் ஒரு சனிக்கிழமை பின்னேரம், இலையோடு இலையாக இழுத்து அறுத்து, கடதாசிப் பைகளில் திணித்து வீதி ஓரம் வைத்துவிடுகிறீர்கள். உதவி செய்யும் எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். அம்மா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தோட்டம் கட்டுவதற்கு எவ்வளவு நாள் எடுத்தார்களோ அவ்வளவு நாள் அதைக் கலைப்பதற்கும் அவர்களுக்கு விடுங்கள். கலைப்பதிலும் வேலை நிறைய இருக்கிறது.

ஒவ்வொரு கொடியிலும் ஒன்றிரண்டு காயை முற்றவிட வேண்டும். பாவற்காய் செம்மஞ்சளாகப் பழுத்து, நுனியில் மூன்றாக வெடித்து, உள்ளே குங்குமச் சிவப்பில் சதை மூடிய விதை தெரியும் கட்டம்வரை விட வேண்டும். அந்தச் சதையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, விதையைக் கடதாசியில் பரப்பி நிழலில் காயவைத்து, உறையில் போட்டு, மேலே பெயரும் ஆண்டும் எழுதிவைப்பார்கள். பயிற்றங்காய் கொடியிலேயே சருகாகி, ஆட்டினால் உள்ளே கிலுகிலுக்க வேண்டும். இந்த விதைகளில் சில பத்து இருபது வருடமாக ஸ்காபரோ மண்ணிலேயே முளைத்து முளைத்து வந்தவை. இங்குள்ள குறுகிய கோடைக்குள் காய்த்து முடிக்கப் பழகியவை. கடையில் வாங்கும் விதைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பேரப்பிள்ளையை உறைகளில் பெயர் எழுத வையுங்கள். அம்மம்மா தமிழில் சொல்ல, பிள்ளை அதை எழுத முயல, அரை மணித்தியாலம் நல்லபடியாகப் போகும்.

கடைசியாக நிற்கும் மிளகாயெல்லாம் மோர்மிளகாய்க்கு. கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் யன்னல் ஓரத்துத் தட்டில் காயப்போட்டு, இரவில் திரும்ப மோருக்குள் போட்டு, மோர் முழுக்க வற்றும்வரை செய்ய வேண்டிய வேலை. ஒக்ரோபர் வெயில் போதாவிட்டால் கடைசியில் அவணில் மிகக் குறைந்த சூட்டில் வைத்து எடுக்கலாம். தட்டு யன்னல் ஓரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எரிந்து விழாதீர்கள்.

கறிவேப்பிலைச் சாடியை எப்போது உள்ளே எடுப்பது என்பதில் எல்லா வீட்டிலும் ஒரு சண்டை இருக்கிறது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது எடுத்துவிடுங்கள். செப்ரெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு எந்த இரவும் அது நடக்கலாம். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பார்த்து, செதில்பூச்சி ஒட்டியிருந்தால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் கழுவ வேண்டும். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. உள்ளே வந்து சில கிழமையில் இலை பழுத்துக் கொட்டும். அப்போது செத்துப்போச்சு என்று தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றுவதால்தான் வேர் அழுகிச் சாகிறது. மண் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும், வசந்தத்தில் துளிர்க்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. உங்கள் அப்பாவுக்குப் புரட்டாதி, ஐப்பசி என்றால் விதைப்புக் காலம். யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையை நம்பித்தான் காலபோக நெல். இந்த மாதங்களில் விதைத்து, தைப்பொங்கலை அண்டி வெட்டுவார்கள். ஊரில் நிலம் திறக்கிற அதே நாட்களில் இங்கே நிலம் மூடுகிறது. மேகம் கறுத்துக் காற்று குளிர்ந்ததும் அவருடைய கை மண்வெட்டியைத் தேடுவது அதனால்தான். அந்தக் கைக்கு இந்த நாட்டிலும் ஒரு வேலை இருக்கிறது: உள்ளி. ஒன்ராறியோவில் உள்ளி நடுவது ஒக்ரோபர் நடுப்பகுதியில் இருந்து மண் உறைவதற்கு முன்வரை. சந்தையில் கிடைக்கும் உள்ளூர் உள்ளியை வாங்கிப் பல்லுப் பல்லாக உடைத்து, கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் அரையடி இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். மேலே மேப்பிள் சருகைத் தடிப்பாகப் பரப்பிவிட்டால் குளிரைத் தாங்கும். பனி உருகும்போது முதலில் எட்டிப் பார்ப்பது அதன் பச்சைதான். ஜூலையில் கிண்டி எடுக்கலாம். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தன்னுடைய ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்ற நினைப்போடு ஒருவர் இருப்பதற்கும், எல்லாம் முடிந்தது என்ற நினைப்போடு இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வீடு வீடாகக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது கோயிலும் விரதமும். இந்தப் பருவத்தில் வயதானவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்களுடைய பஞ்சாங்கத்தைப் பாருங்கள். புரட்டாதிச் சனி, நவராத்திரி, தீபாவளியோடு முடியும் இருபத்தொரு நாள் கேதார கௌரி விரதம், அதை ஒட்டிக் கந்தசஷ்டி, பிறகு கார்த்திகை விளக்கீடு. ஆண்டிலேயே நெருக்கமாக நாட்கள் வருவது இப்போதுதான். கஷ்டம் என்னவென்றால் பெரும்பாலானவை பின்னேரம், இருட்டில். கோடையில் பஸ் எடுத்துத் தனியே கோயிலுக்குப் போய் வந்த அம்மா ஒக்ரோபரில் போக மாட்டார். உங்களிடம் கேட்கவும் மாட்டார், பிள்ளை களைத்துப்போய் வருகிறான் என்று விட்டுவிடுவார். கலண்டரை எடுத்து இந்த நாட்களை இப்போதே குறித்து, எந்த நாளுக்கு யார் கூட்டிப்போவது என்று பேசிவையுங்கள். உங்களால் எல்லா நாளும் முடியாது. அயலில் இன்னொரு வீட்டிலும் ஒரு அம்மா இதே நினைப்போடு இருப்பார், முறைவைத்து ஓடலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் குடும்ப வைத்தியரிடம் மருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விரதத்தையே விடச்சொல்லி அதட்டினால் ஒளித்துப் பிடிப்பார்கள், அதுதான் ஆபத்து.

குசினியைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். யன்னல்கள் பூட்டப்படும் கிழமையில்தான் மீன் பொரிப்பதில் சண்டை வருகிறது. கோடை முழுக்க யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது குளிர் உடுப்புகள் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்து வாசல் அலுமாரியில் தொங்குகின்றன; இங்குள்ள வீடுகளில் அந்த அலுமாரி பெரும்பாலும் குசினிக்குக் கிட்டத்தான். பள்ளிக்கூடத்தில் யாரோ மூக்கைப் பொத்தினார்கள் என்று பிள்ளை அழுதுகொண்டு வருகிறது. அம்மா, இனி வீட்டுக்குள் மீன் பொரிக்காதீங்கோ என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். ஒரு வசனம்தான். தோட்டம் போய், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய், வெளிச்சமும் போன கிழமையில் அவருடைய அடுப்பையும் எடுத்துவிட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரிவதில்லை. அதன் பிறகு அவர் மத்தியானம் பாணும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்வார்.

இதற்கு வழி இருக்கிறது. ஜக்கெற்றுகளை வாசலில் தொங்கவிடாமல் மேல்மாடி அறைக்குள் கதவு பூட்டி வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவதுதான். சமைப்பதற்கு முன் போட்டு, முடிந்த பிறகும் கால் மணித்தியாலம் ஓடவிட வேண்டும். நல்ல வெயிலுள்ள ஒரு நாளில் பின்கதவுக்கு வெளியே மின்சார அடுப்பு வைத்துக் கிழமைக்குத் தேவையானதைப் பொரித்து எடுக்கலாம். பிள்ளைக்கும் சொல்லுங்கள்: அது அம்மம்மாவின் சமையல், வெட்கப்பட வேண்டியது அதில் ஒன்றுமில்லை என்று. அம்மம்மாவின் முன்னால் சொல்லுங்கள்.

வெளியே போவது. குளிருது, உள்ளே இருங்கோ என்பது அன்பில் வரும் சொல்தான், ஆனால் செப்ரெம்பரில் சொல்லத் தொடங்கினால் மே வரை அவர்கள் வெளியே வர மாட்டார்கள். கால்களின் பலம் அதற்குள் போய்விடும். ஒக்ரோபர் தொடக்கத்திலேயே நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். அவர்களைக் கடைக்குக் கூட்டிப்போய், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பழைய சப்பாத்தைப் பிள்ளை விட்டதென்று கொடுக்காதீர்கள். வீட்டுத் திறப்பு ஒன்று அவர்களிடமே இருக்கட்டும். திறப்பு இல்லாததால் கதவைச் சாத்தப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஐயாமார் எத்தனையோ பேர்.

போகவேண்டிய இடமும் இருக்கிறது. செப்ரெம்பர் நடுப்பகுதியில் இருந்து ஒரு மாதமளவு, ஒன்ராறியோ ஏரியில் இருந்து சினூக் சால்மன் மீன்கள் ஸ்காபரோவின் ஹைலண்ட் ஓடை வழியாக முட்டையிட ஏறி வருகின்றன. மோர்னிங்சைட் பூங்காவில் கரையில் நின்றே பார்க்கலாம். கை நீளத்துக்கு மேல் பெரிய மீன், முதுகு நீருக்கு வெளியே தெரிய, வயிறு கல்லில் உரச, இரண்டு பாகம் ஏறி ஒரு பாகம் சறுக்கி, ஒதுங்கி மூச்சு வாங்கித் திரும்ப ஏறும். மழை பெய்த அடுத்த நாள் போனால் இன்னும் நல்லது. கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த ஐயாமாரை அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள். வீட்டில் மூன்று வார்த்தை பேசாதவர் எந்த மீன் ஆண், எது பெண், எது இன்று தாண்டும், எது தாண்டாது என்று பேரனுக்குச் சொல்லத் தொடங்குவார். பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. நன்றி நவிலல் நாளை ஒட்டி, ஒக்ரோபர் இரண்டாம் கிழமையில், மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். பச்சையம் சிதைந்துபோக உள்ளே முன்பே இருந்த மஞ்சள் தெரிகிறது, சிவப்போ இந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்குவது என்று பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்திருக்கும். அதைத் தமிழில் அப்பப்பாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளுக்கு 400 அலகு விற்றமின் டி மாத்திரை எடுக்க வேண்டும் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை. குளிர்கால வெயிலில் இங்கே தோல் அதை உண்டாக்காது, எங்கள் நிறத் தோலுக்கு இன்னும் கடினம். ஒக்ரோபரில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி வரும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென உள்ள வகையைக் கேட்டுப் போடுங்கள். வெப்பமூட்டியை முதல் தரம் போடுவதற்கு முன் வடிகட்டியை மாற்றி, காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அவர்கள் படுக்கும் அறைக்குக் கிட்ட அலாரம் இருக்க வேண்டும்.

அந்த அறை பேஸ்மென்ற்றில் இருந்தால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் அது குளிர்ச்சி, அவர்களும் பகல் முழுக்க வெளியில், அதனால் குறை தெரியவில்லை. ஒக்ரோபரில் இருந்து ஒரு முழ யன்னலுக்குள்ளால் வரும் வெளிச்சத்தோடு ஒரு மனிதரை விடாதீர்கள். அறையை மாற்றவே முடியாவிட்டால், மேலே தெற்கு யன்னல் ஓரத்தில் அவர்களுக்கென்று ஒரு கதிரை போடுங்கள். அதில் பிள்ளையின் புத்தகப்பை, சலவைக் கூடை எதுவும் இருக்கக் கூடாது.

நவம்பர் சில பெற்றோருக்கு வேறு விதத்தில் பாரமானது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் அண்ணாவோ அக்காவோ அந்தப் பிள்ளையாக இருக்கலாம். மாதக் கடைசியில் வரும் நினைவு நாள் நெருங்க அவர்கள் படத்துக்கு முன்னால் கூடுதல் நேரம் நிற்பார்கள். பழசை நினைக்காதீங்கோ என்று சொல்ல வேண்டாம். பக்கத்தில் போய் இருந்து, அண்ணாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேளுங்கள். சொல்வார்கள், அதைச் சமைப்பார்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகவேணும் என்ற பேச்சு. காற்றுக் குளிர்ந்ததும் அது வரும். உங்கள் வீட்டில் குறை இருக்கிறது என்பதற்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோபிக்காதீர்கள். உடல்நிலை இடம்கொடுத்தால், அங்கே பார்க்க ஆள் இருந்தால், மார்கழியில் போய்ப் பங்குனியில் திரும்பலாம். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி 12 மாதத்தில் 212 நாள்வரை மாகாணத்துக்கு வெளியே இருக்க விடுகிறது. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கூடுதல் கொடுப்பனவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால்தான் நிற்கும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தால் போதும். வெளிநாட்டில் வைத்தியச் செலவுக்குப் பயணக் காப்புறுதியைத் தனியே எடுக்க வேண்டும். மார்கழி டிக்கெற் நத்தார் நெருங்க ஏறிவிடும். ஆகவே போகிறீர்களா என்று இப்போதே, இந்தச் செப்ரெம்பரிலேயே, நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
பகலில் உங்கள் வீடுகளுக்கு வந்துபோகும் ஒரு அக்கா
ஸ்காபரோ